ஒரு பிடியின் விலை

கணக்கு டீச்சரோடு நான் போட்ட முதல் சண்டை இரண்டரை ரூபாய்க்கு. அதில் தப்பு என் பக்கம். பிறகு போட்ட சண்டைகளிலும் அநேகமாக என் பக்கம்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்குக் கோபம் என்ற சங்கதியே கிடையாது. கோபப்படாத ஆளோடு சண்டை போடுவதைப் போல எரிச்சலூட்டும் வேலை உலகத்தில் வேறு இல்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம், அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியையாகச் சேர்ந்தேன். நேற்றுவரை தனி ராஜ்யமாக இருந்த ஊரில் சரித்திரம் நடத்துவது சிரமமான காரியம். பாடமே மாறிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் எனக்கு மூன்று வருஷம் பின்னால் வந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நேரம் கெடைக்கலங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிவைத்திருந்தார்.

ஆசிரியைகள் அறையில் அப்போது மாதச் சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவசரக்காரர் தள்ளுபடி கொடுத்து முதலில் எடுப்பார், அவசரமில்லாதவர் அந்தத் தள்ளுபடியைப் பங்கு போட்டுக்கொள்வார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கணக்கு டீச்சர் கேட்டார்: "இதுல யாருக்குக் கஷ்டமோ அவுங்க காசுதானே கஷ்டமில்லாதவங்களுக்குப் போகுது? பணம் நமக்குள்ளயே சுத்துது. வெளியே இருந்து ஒரு தம்பிடி உள்ள வரலையே." அதுவரை யாரும் அப்படி யோசித்ததில்லை. ஆறு பேர் சீட்டை நிறுத்திவிட்டு, மாதாமாதம் பணத்தை ஒன்றாகப் போட்டு, நல்ல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைப்பது என்று முடிவு செய்தார்கள். திருச்சியில் ஒரு பங்கு ஏஜெண்டைப் பிடித்தார்கள். பங்குகள் கணக்கு டீச்சர் பெயரிலும் தையல் டீச்சர் பெயரிலும் இருந்தன. தமிழ் டீச்சர் இதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்தார். சிறுபிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் பொங்குவார்களே, அந்தச் சோறு. அதனால் ஒவ்வொருவர் பங்குக்கும் பிடி என்றே பெயர் நிலைத்தது. ஆரம்பத்தில் ஒரு பிடி பத்து ரூபாய்.

நான் அதில் சேரவில்லை. என் கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மாதம் தவறாமல் பணம் வரும். பிறகு எதற்குக் கூட்டாஞ்சோறு, கிச்சடி எல்லாம் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் எங்கள் பெண்ணுக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயதுகூட முடியவில்லை. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் வலது கால் துணிபோலத் தொங்கியது. ஆவூர் மாதா கோயிலில் முட்டிபோட்டு அழுதேன், திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், மதுரைக்கு ஓடினேன். நாலைந்து வயதில் அவள் நடந்தாள்தான். வலது கையால் வலது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து நிமிர்ந்து நடந்தாள். அந்தக் கை வேறு எதையும் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடப் பையை மற்றப் பிள்ளைகள்தான் தூக்குவார்கள்.

சென்னையில் ஒரு பெரிய டாக்டர் பார்த்துச் சொன்னார்: "இப்ப அறுவை வேண்டாம். எலும்பு வளரணும். பன்னிரண்டு வயசு முடியும்போது கொண்டு வாங்க. அதுக்கு மேலயும் தள்ளிப்போடாதீங்க, கோணல் அப்படியே நிலைச்சுப் போயிடும்." ஆஸ்பத்திரி, மருந்து, மாவுக்கட்டு, இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ், அங்கே தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் சம்பளம் அப்போது நூறைத் தொடவில்லை. கொழும்பிலிருந்து பணம் அனுப்பவும் கட்டுப்பாடுகள் வர ஆரம்பித்திருந்தன. ஆக, அந்த ஆயிரத்து இருநூறு என் கையால்தான் சேர வேண்டும்.

அப்போதுதான் கூட்டாஞ்சோற்றில் சேரப் போனேன். கணக்கு டீச்சர் ஒரு பிடி பன்னிரண்டரை ரூபாய் என்றார்.

"ஏன் டீச்சர், அவுங்களுக்கெல்லாம் பத்து, எனக்கு மட்டும் பன்னெண்டரையா? தேவைப்பட்டு வாரேன்னு எளக்காரமா?"

"பானையில இருக்கிற சோத்தோட இன்னைக்கு வெலை என்னன்னு பார்த்தேன். அத இருக்கிற பிடிகளால வகுத்தேன். பன்னெண்டரை வந்துச்சு. நீங்க பத்து குடுத்து உள்ள வந்தா, மிச்ச ரெண்டரைய தையல் டீச்சர் பிடியிலேருந்து கிள்ளித்தான் எடுக்கணும். எடுக்கிறீங்களா?"

தையல் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு எப்படி எடுக்கிறேன் என்பது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பன்னிரண்டரை கொடுத்தேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

மாதம் பதினைந்து ரூபாய் போட்டேன். சேர்ந்த பிறகுதான் அந்த மனுஷி இதில் எவ்வளவு உழைக்கிறார் என்று தெரிந்தது. எந்தக் கம்பெனியும் போன வருஷம் நிறைய லாபம் கொடுத்தது என்பதற்காக வாங்க மாட்டார். பத்து வருஷ அறிக்கைகளைத் தபாலில் வரவழைத்து, மழை பொய்த்த வருஷம் என்ன கொடுத்தார்கள் என்று பார்ப்பார். அறிக்கையைக் கையில் வாங்கினால் பின்னாலிருந்துதான் புரட்டுவார். "முன்பக்கம் மொதலாளி போட்டோவுக்கு, பின்பக்கந்தான் நமக்கு" என்பார். ஏஜெண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார், இதை விற்று அதை வாங்குங்கள் என்று. "அடிக்கடி மாத்தினா அவர் வீட்டுல அடுப்பெரியும், நம்ம வீட்டுல பொகையும்" என்று மடித்து வைத்துவிடுவார். எந்த ஒரு கம்பெனியிலும் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது என்பது விதி. விலை ஏறி அதற்கு மேல் போனால் கொஞ்சம் விற்று, ஏறாததை வாங்குவார். நன்றாக ஓடுகிற மாட்டை விற்பதா என்று நாங்கள் எல்லோரும் கத்துவோம். கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு விற்பார்.

எனக்கென்று அவர் தனியாக ஒரு காரியம் செய்தார். அவசரமில்லாத பணம் பங்குகளில் ஏறி இறங்கலாம், நாள் குறித்த பணம் அப்படி இறங்கக் கூடாது என்று சொல்லி, கூட்டாஞ்சோற்றின் பணத்தில் ஒரு பகுதியைத் தபாலாபீஸ் சர்டிபிகேட்டில் போட்டு வைத்தார். என் பெண்ணுக்குப் பன்னிரண்டு முடிய ஒன்றரை வருஷம் இருக்கும்போது அது முதிர்ந்து தொள்ளாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. என் பிடிகள் அப்போது தொண்ணூறு. ஒரு பிடி பதினைந்து ரூபாய். ஆயிரத்து முந்நூற்றைம்பது! அன்று ராப்பகலாகப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன். எப்படிப் பெருக்கினாலும் போதுமானதாகவே வந்தது. தொண்ணூறு பிடியே போதும் என்று அந்த மாதத்தோடு பணம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் பங்கு வைத்திருந்த ஒரு நூற்பாலை, விராலிமலையைத் தாண்டி மதுரை ரோட்டில் இருந்தது. அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருந்தது. வழக்கமாகக் கணக்கு டீச்சர்தான் போவார். அந்த முறை பரீட்சைத் தாள்கள் மலைபோல் கிடந்ததால் தையல் டீச்சரையும் என்னையும் அனுப்பினார். போகும்போது விராலிமலை வழி, திரும்பும்போது திருச்சி வழி. அந்தத் தொள்ளாயிரத்தையும் எங்களிடம் கொடுத்து, திருச்சியில் ஒரு பாங்கின் பெயரைச் சொல்லி, ஒரு வருஷ டிபாசிட்டாகப் போட்டுவிட்டு வரச் சொன்னார். தையல் டீச்சர் அதைத் துணிப்பையில் வைத்துத் தைத்தே விட்டார்.

கூட்டம் அரை மணி நேரம். விருந்து இரண்டு மணி நேரம். தலைவாழை இலை, எட்டு வகைக் காய், இரண்டு பாயசம். முதலாளியின் மனைவி பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே பரிமாறினார். கூட்டத்தில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் எங்கள் எதிரிலேயே நின்று, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, பிள்ளைங்க எத்தன?" என்று விசாரித்தார். நான் பெண்ணின் காலைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். "எல்லாம் நல்லபடியா நடக்குங்க, இன்னும் கொஞ்சம் பாயசம் விட்டுக்கங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, சாப்பிட்டுக் கையலம்பிய ஈரம் காய்வதற்குள் மொய் வைத்துவிட வேண்டும். பந்தல் வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு தாம்பாளம். ஏழை, பணக்காரர், இந்து, கிறிஸ்தவர் யாருக்கும் இதில் விலக்கில்லை. இலையில் உட்கார்ந்துவிட்டு மொய் வைக்காமல் நழுவினவன் பேச்சு ஊரில் ஒரு தலைமுறைக்கு ஓடும். கையலம்பிவிட்டு வந்த எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்னங்க டீச்சர், மொய் எழுதுற மேசையவே காணமே?" என்று தையல் டீச்சர் காதோடு கேட்டார்.

"இது கம்பெனி விருந்து. பங்குக்காரங்களுக்கு மொய் கெடயாது போல."

"அதுக்காகக் கைய வீசிக்கிட்டு எந்திரிச்சுப் போறதா? அந்தம்மா அவ்வளவு பிரியமா விசாரிச்சாங்களே."

வாசலுக்கு வந்தால், பந்தல் ஓரத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் ஒரு குமாஸ்தா, முன்னால் ஒரு நோட்டு. ஆலை புதிதாகப் பங்குகள் வெளியிடுகிறது, இப்போதுள்ள பங்குக்காரர்களுக்குச் சலுகை விலை, இன்றே எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்த மேசையைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன்! முதலாளியின் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தையல் டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பணம் என் பெண்ணுக்காக ஒதுக்கியது. ஆகவே வார்த்தை நான்தான் சொல்ல வேண்டும். "எழுதுங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலை எடுத்துத் துணிப்பையின் தையலைப் பிரித்தார். திருச்சி பாங்கை மறந்தே போனோம். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேருக்கும் வயிறும் மனசும் நிறைந்திருந்தன.

மறுநாள் கணக்கு டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

"எலைக்கு நானூத்தம்பது ரூவா. நல்லாத்தான் இருந்திருக்கணும்."

அவர் எங்களைக் கடிந்து பேசியது அது ஒன்றுதான். உடனே ஆலைக்கு எழுதினார். ஏற்றுக்கொண்டதைத் திரும்பத் தர முடியாது என்று பதில் வந்தது. சரி, விற்றுவிடலாம் என்றார். விலை கொஞ்சம் இறங்கியிருந்ததால் நஷ்டத்துக்கு விற்பதா என்று எல்லோரும் மறுத்தோம். எல்லோரையும்விட உரக்க மறுத்தது நான். அவ்வளவு நல்ல மனுஷர்களின் ஆலை எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்டேன். அதுதான் என் ஆராய்ச்சி.

எட்டு மாதத்தில் ஆலையில் கதவடைப்பு. பஞ்சு வாங்கிய கடன் கழுத்துவரை இருந்திருக்கிறது. புதுப் பங்கு வெளியிட்டதே அதை அடைக்கத்தான். அது போதாதென்று, நாங்கள் வைத்திருந்த பருத்தி அரைக்கும் கம்பெனி ஒன்றும் லாரி கம்பெனி ஒன்றும் கூடவே சரிந்தன. வேறு வேறு பெயர், வேறு வேறு தொழில், இதெல்லாம் ஏன் சேர்ந்து விழுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. மூன்று அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தமிழ் டீச்சர்தான் கண்டுபிடித்தார். மூன்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே தெரு, ஒரே கதவு எண். அண்ணன் தம்பிகள் மூன்று பேர் மூன்று பலகை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"இது என் தப்பு. நான் கணக்கைப் பார்த்தேன், வெலாசத்தைப் பார்க்கல. பணத்த அஞ்சு எடத்துல வச்சிருக்கோம்னு சொல்லிக்கிட்டு, மூணு எடத்த ஒரே வீட்டுல வச்சிருந்திருக்கேன்" என்றார் கணக்கு டீச்சர். நாங்கள் விருந்துச் சாப்பாட்டுக்கு ஏமாந்ததை அவர் அப்போதும் எடுத்துப் பேசவில்லை.

ஒரு பிடி பதினைந்திலிருந்து ஒன்பதுக்கு வந்தது. என் பெண்ணுக்குப் பன்னிரண்டு முடிய இரண்டு மாதம் இருந்தது. சென்னையிலிருந்து தேதி குறித்துக் கடிதமும் வந்துவிட்டது. தொண்ணூறு பிடிக்கு எண்ணூற்றுப் பத்து ரூபாய். சுமார் நானூறு குறைகிறது. கொழும்பிலிருந்து அவர் அனுப்ப வழியில்லை. என் கழுத்தில் கிடந்ததும் காதில் கிடந்ததும் முதல் இரண்டு வருஷ வைத்தியத்திலேயே போய்விட்டிருந்தன.

பள்ளி விட்டபின் ஏழு பேரும் உட்கார்ந்தோம். தையல் டீச்சர் அழுதுகொண்டே சொன்னார்: "அவுங்களுக்கு மட்டும் பழைய வெலை பதினஞ்சு போட்டுக் குடுத்துடலாங்க. பொண்ணு காலுக்குத்தானே கேக்குறாங்க." மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கணக்கு டீச்சர் மட்டும் தலையாட்டவில்லை. "பதினஞ்சு குடுக்க முடியாதுங்க. இன்னைக்கு வெலை ஒம்பது. கூட ஆறு ரூவா குடுத்தா அது மிச்சப் பேரு பிடியிலேருந்து போகும். அவுங்களும் எதுக்கோ நெனச்சு வச்சிருப்பாங்க. இன்னைக்கு ஒருத்தருக்காக வெலையப் பொய்யாக்கினா நாளைக்கு இந்த நோட்டுல எந்த எண்ணையும் நம்ப முடியாது." அதோடு நிற்கவில்லை. எனக்குக் கொடுக்க, கெட்டுப் போகாத தேயிலைக் கம்பெனிப் பங்கை மட்டும் விற்கலாம் என்று தமிழ் டீச்சர் சொன்னதற்கும் மறுத்தார். நல்லதை விற்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சொத்தையை மற்றவர்கள் தலையில் கட்டக் கூடாதாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் கொடுக்க வேண்டுமாம்.

நான் எழுந்து நின்றேன். என்னவெல்லாமோ சொன்னேன். கடைசியில் சொன்னது மட்டும் இன்றும் என் காதிலேயே கேட்கிறது. "பெத்திருந்தாத் தெரியும் டீச்சர் ஒங்களுக்கு."

அவர் நோட்டை மூடினார். "நாளைக்கு ஏஜெண்டுக்கு எழுதிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் நான் அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. பதின்மூன்றாம் நாள் இடைவேளையில், தேசப்படங்கள் வைக்கும் அறைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எண்ணூற்றுப் பத்து ரூபாயை எண்ணிக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கினார். பிறகு இன்னொரு கவரை நீட்டினார்.

"இது கூட்டுப் பணமில்ல. என் பிடியில நாப்பத்தஞ்ச வித்தேன். நானூத்தஞ்சு ரூவா இருக்கு."

"என்ன வெலைக்கு வித்தீங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"எல்லாருக்கும் என்ன வெலையோ அதுதான். ஒம்பது." கவரை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "வட்டி கிட்டி ஒண்ணும் வேணாங்க. பொண்ணு எந்திரிச்சு நடந்ததுக்கப்புறம் மெதுவாக் குடுங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாய்க்குத் திட்டத் தெரிந்த அளவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. இந்திய தேசப்படத்தின் பின்னால் நின்று மணி அடிக்கும்வரை அழுதேன்.

அறுவை நல்லபடி நடந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு, பிறகு இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸ், பிறகு ஒரு கைத்தடி. ஆறாம் மாதம் அவள் முழங்காலில் கை வைக்காமல் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். நர்ஸம்மாளுக்கு நன்றி சொன்னேன், டாக்டருக்கு நன்றி சொன்னேன், மாதாவுக்கு நன்றி சொன்னேன். புதுக்கோட்டைக்குக் கணக்கு டீச்சர் பெயருக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். "நடக்கிறாள்" என்று மட்டும் எழுதினேன்.

திரும்பி வந்தபோது கூட்டாஞ்சோறு நின்றுவிடவில்லை. இரண்டு புது விதிகள் சேர்ந்திருந்தன. வாங்குவதற்கு முன் எல்லாக் கம்பெனிகளின் நிர்வாகிகள், விலாசங்கள், கடன் கொடுத்தவர்கள் என்று ஒரு பெரிய தாளில் எழுதி, யாராவது யாருக்காவது சொந்தமா என்று கோடு போட்டுப் பார்க்க வேண்டும். சம்பந்தம் பேசும் வீட்டில்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். இரண்டாவது, கம்பெனிக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இரண்டாவது விதியை முன்மொழிந்தவர் தையல் டீச்சர்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கமே ஊர் மக்களின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் யூனிட் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. ஒரு யூனிட் பத்து ரூபாய். தமிழ் டீச்சர் பேப்பரில் படித்துவிட்டு, "நம்ம பிடியத்தான் டெல்லியில யூனிட்டுங்கிறாங்க" என்றார். கணக்கு டீச்சர் சிரித்தார், ஆனால் உடனே வாங்கிவிடவில்லை. செலவுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பக் கேட்டால் எந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று இரண்டு கடிதம் எழுதி, பதில் வந்த பிறகுதான் கொஞ்சம் வாங்கினார். நாள் குறித்த பணத்தை அப்போதும் தபாலாபீஸிலேயே வைத்தார்.

நான் மாதம் பன்னிரண்டு, பதினைந்து என்று அவருக்குத் திருப்பிக் கொடுத்து வந்தேன். மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் ஆலை கைமாறிப் புது நிர்வாகம் வந்தது. தேயிலை நன்றாக ஏறியது. கடைசித் தவணை கொடுத்த அன்று நோட்டைப் பார்த்தேன். ஒரு பிடி இருபத்திரண்டு ரூபாய். நாற்பத்தைந்து பிடி இருந்திருந்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நான் அவருக்குக் கொடுத்து முடித்தது நானூற்றைந்து.

வித்தியாசத்தையும் தருகிறேன் என்றேன். "நீங்க வாங்குனது பணம்ங்க, பிடி எறங்குச்சா ஏறுச்சாங்கிறது என் பாடு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தையல் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் அந்தப் பிடிகளை, புதுக்குளத்துப் பக்கம் ஒரு சின்ன மனை வாங்கத்தான் சேர்த்து வைத்திருந்தாராம். முன்பணமும் கொடுத்திருந்தாராம். எனக்காக விற்ற அந்த மாதம் மீதிப் பணம் கட்ட முடியாமல் மனை கைவிட்டுப் போயிற்று, முன்பணமும் போயிற்று. மனை விலை இப்போது அவருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார் அவர். இனியும் அங்கேதான் இருக்கப்போகிறார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தப் பணத்தை வாங்கியிருப்பேனா? என்னிடமிருந்து மறைக்க அவருக்கு என்ன உரிமை? அன்று சாயங்காலமே கிளம்பினேன். நானும் வருவேன் என்று என் பெண்ணும் கூடவே வந்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

ஜவுளிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் மாடிப்படி. செங்குத்தான கல் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அதனால் எப்போது போனாலும் அவளைக் கடை வாசலில் ஒரு ஸ்டூல் கேட்டு உட்காரவைத்துவிட்டு நான் மட்டும்தான் ஏறுவேன். அன்றும் ஸ்டூல் கேட்கக் கடைக்குள் போனேன். வெளியே வந்து பார்த்தால் அவள் ஐந்தாவது படியில் நிற்கிறாள். ஒரு கையில் தடி, மறு கையில் நான் கணக்கு டீச்சருக்காக வாங்கிய வாழைப்பழச் சீப்பு.

கத்தப் போனேன். கத்தினால் திரும்பிப் பார்ப்பாள், விழுந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இரும்புச் சட்டம் கல்லில் படும் சத்தம் கேட்டு மாடிக் கதவு திறந்தது. கணக்கு டீச்சர் தலைப்படியில் வந்து நின்றார். ஓடி வந்து பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. இரண்டு கையையும் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு, வகுப்பில் எண்ணுகிற அதே குரலில் எண்ண ஆரம்பித்தார்.

"ஒம்பது. பத்து. அவசரமில்ல, நில்லு. பதினொண்ணு."

பதினெட்டாவது படியில் அவள் ஏறி நின்று வாழைப்பழத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, அவள் தலையில் கை வைத்தார். பிறகு கீழே எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஏன் டீச்சர் அங்கனயே நிக்கிறீங்க? மேல வாங்க."

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டேன். பத்து வருஷமாகச் சொல்லாமல் இருந்த நன்றியை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன், தெருவில் நின்று, தலையை நிமிர்த்தி, அழுதுகொண்டு, ஜவுளிக்கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்க.